ஹஸீபின் பெயரில் ஒரு நோய்

“பதினொண்ணாம் நம்பர்!”

கூப்பிட்ட பிறகுதான் ஸரீனா கையிலிருந்த துண்டில் பெயரைப் பார்த்தாள். பலீல், வயது அறுபத்து நாலு. மௌத்தாகிப்போன அவளுடைய புருஷன் ஹஸீபின் கூடப்பிறந்த அண்ணன், அவர் வாயில் நானா.

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் சேர்ந்து நடப்பவர்களுக்கு ஸரீனாவின் வயிற்றெரிச்சல் புதிதல்ல. இன்றுதான் உள்ளே வருகிறவர்களுக்கு இவ்வளவு போதும். நான்கு வருஷத்துக்கு முன் நாலந்தா வளைவில் லொறி மோதி ஹஸீப் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு ஸரீனா மாத்தளை டவுனில் ஒரு சனலிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். வெளியூர் ஸ்பெஷலிஸ்ட் டொக்டர்மார் கிழமைக்கு ஒருநாள் வந்து நோயாளி பார்க்கும் இடம் அது. நம்பர் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, உள்ளே டொக்டருக்கு உதவியாக நிற்பது எல்லாம் அவள்தான். ஒரே மகள் மபாஸா உக்குவளை ஸ்கூலில் டீச்சர். இருபத்தேழு வயது. ஆறு வருஷத்துக்கு முன் பேசி முடித்த கலியாணம் நின்றுபோன பிறகு அந்த வீட்டு வாசலை எந்தத் தரகரும் மிதிக்கவில்லை.

அந்தக் கலியாணம் நிற்கக் காரணமான மனிதர்தான் இப்போது கதிரையை விட்டு எழுந்து வந்துகொண்டிருந்தார்.

மிளகு, கராம்பு மொத்த வியாபாரம், பள்ளிவாசல் நிர்வாகம், ஊர் வழக்குக்குத் தீர்ப்பு என்று பலீல் ஹாஜியார் எப்போதும் நிமிர்ந்தே நடப்பவர். இன்றைக்கு வெள்ளைத் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டிருந்தார். போன தடவை அவர் வந்தது ஸரீனா லீவில் இருந்த நாள். இன்றும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி வந்திருப்பார் போல. அவளைக் கண்டதும் முகம் சுருங்கியது.

“சனிக்கிழமையும் வேலையா உனக்கு?”

“வயித்துக்கு சனி ஞாயிறு தெரியாது மச்சான். உள்ள போங்க.”

அவர் மனைவி றம்லாவும் எழுந்தாள். “நீ இங்கயே இரு. ரத்தம் கித்தம் பார்த்தா மயங்கி விழுவாய்” என்று அவளை அமர்த்திவிட்டு அவர் மட்டும் கதவைத் தள்ளினார்.

றம்லா ஸரீனாவின் கையைப் பிடித்தாள். றம்லாவுக்குச் சூது வாது கிடையாது. அதுவே சில நேரம் பெரிய தொல்லை.

“பின்னேரம் வீட்டுக்கு வா ஸரீனா. போஸ்ட் மாஸ்டர் வீட்டு ஆக்கள் வாறாங்க, நிகாஹ் நேரம் பேச. வட்டிலப்பம் உன் கையால செஞ்சாத்தான் சரிவரும்.” குரலைத் தாழ்த்தினாள். “மபாஸாவக் கூட்டிட்டு வராத என்ன. பாவம், அவளுக்கும் சங்கடம், வாற ஆக்களுக்கும் சங்கடம்.”

ஸரீனா சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

போஸ்ட் மாஸ்டர் என்றால் உக்குவளை ஸக்கரியா. தபால் கந்தோரில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகனுக்குத்தான் மபாஸாவைப் பேசியிருந்தது. வேண்டாம் என்று அன்று சீர்த்தட்டைத் திருப்பி அனுப்பிய அதே ஸக்கரியாவின் மகளை, நாளையல்ல, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலீலின் மகன் றிஷாத் கட்டப்போகிறான். அந்தச் சம்பந்தத்துக்கு இனிப்பு வட்டிலப்பம் அவித்துக் கொடுக்க ஸரீனா வேண்டும். மகள் வேண்டாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

“தொப்பியக் கழட்டுங்க ஹாஜியார்” என்றார் டொக்டர் சந்திரகாந்தா.

தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்து, படித்து, தோல் டொக்டராகி, சனிக்கிழமை தோறும் கண்டியிலிருந்து வருகிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் மழுப்பவும் மாட்டார்.

பலீல் ஸரீனாவைப் பார்த்தார். “இவ வெளிய நிண்டா நல்லம்.”

“லைட்டைப் பிடிக்க எனக்கு ஆள் வேணும். கழட்டுங்க.”

தொப்பி வந்தது. உள்துணியில் காய்ந்த ரத்தக் கறை வட்டமாக இருந்தது. ஸரீனா லைட்டை உயர்த்தினாள்.

உச்சந்தலையின் வலது பக்கம் மூன்று கட்டிகள். இரண்டு சிறியவை, கடலை அளவு. மூன்றாவது நெல்லிக்காய் அளவில், ஜம்புப்பழச் சிவப்பில் பளபளவென்று உப்பிக்கொண்டு நின்றது. டொக்டர் கையுறை விரலால் தொட்டதும் அதன் ஓரத்தில் ரத்தம் துளிர்த்தது.

“வலிக்குதா?”

“இல்ல. மூணு மாசமா இருக்கு. முதல்ல கொப்புளம்னு நினைச்சேன். நாவுலயில ஒரு நாட்டு மருந்து வெதமாத்தயா பத்துப் போட்டாரு.”

“பத்துப் போட்டுப் போட்டு ஒண்ணு மூணாச்சு” என்றார் டொக்டர். மேசையிலிருந்த கடதாசியை எடுத்தார். “போன தடவை வெட்டி அனுப்பின துண்டுக்கு ரிப்போர்ட் வந்திருக்கு. இது கொப்புளமும் இல்ல, கொழுப்புக் கட்டியும் இல்ல. கேன்சர்.”

பலீல் முன்னால் குனிந்தார். “தோல் கேன்சர்தானே? வெட்டிட்டாச் சரிதானே?”

“அதத்தான் பேசணும். இந்தத் துண்டுல இருக்கிற செல்லெல்லாம் வெளுத்து, உள்ள வெறுமையா இருக்குதுன்னு லெப்ல எழுதியிருக்காங்க. அப்படிப்பட்ட செல்லு ரெண்டு விதமா வரும். தலைத்தோல்ல இருக்கிற வேர்வைச் சுரப்பியிலயே முளைக்கலாம், அது ரொம்பக் குறைவு. இல்லன்னா உடம்புக்குள்ள வேற உறுப்புல இருக்கிற கேன்சர், ரத்தத்தோட வந்து தோல்ல இறங்கியிருக்கும். இப்படிச் சிவப்பா, தொட்டா ரத்தம் கசியிற கட்டி தலையில வந்தா நாங்க முதல்ல சந்தேகப்படுறது கிட்னியத்தான்.”

“எனக்கு உள்ளுக்கு ஒரு வருத்தமும் இல்ல டொக்டர்.”

“சட்டையத் தூக்குங்க.”

அவர் அசையவில்லை. டொக்டரே பக்கத்தில் வந்து தூக்கினார். இடுப்புக்கு மேலே, இடப்பக்கம், ஒரு சாண் நீளத்துக்குப் பழைய தழும்பு.

“இது என்ன?”

“கல்லு. எட்டு வருஷத்துக்கு முந்தி கல்லுக்கு ஒப்பரேசன்.”

“கல்ல மட்டும் எடுத்தாங்களா, கிட்னியவே எடுத்தாங்களா?”

“கிட்னியோட... கல்லு பெருசுன்னாங்க.”

“டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புறப்போ டயக்னோசிஸ் கார்ட் குடுத்திருப்பாங்களே? என்ன நோய், என்ன ஒப்பரேசன்னு எழுதின அட்டை.”

“வீடு மாறினப்போ தொலைஞ்சிட்டு.”

“எந்த ஆஸ்பத்திரி? அப்ப எடுத்த துண்டை அங்க லெப்ல வச்சிருப்பாங்க. அதையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்தா கொஞ்ச நாள்ல முடிவு தெரிஞ்சிரும்.”

“அது ஒரு பிரைவேட். இப்ப மூடிட்டாங்க.”

பொய்யைப் பாரேன், பேக்கரிப் பாண் வெட்டுவது மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக விழுகிறது!

டொக்டர் கதிரையில் உட்கார்ந்தார். “ஹாஜியார், கவனமாக் கேளுங்க. கிட்னியக் கல்லுக்கு எடுத்திருந்தா இதைத் தோல்ல வந்ததா நினைச்சு வெட்டலாம். கேன்சருக்கு எடுத்திருந்தா வழியே வேற. கிட்னி கேன்சர் பத்து வருஷம் சும்மா கிடந்துட்டும் திரும்பி வரும். இதை வெட்டுறதால மட்டும் ஒண்ணும் ஆகாது, ரத்தம் நிக்காமப் போகவும் கூடும். நெஞ்சு, எலும்பு எல்லாம் ஸ்கேன் பண்ணி உடனே கேன்சர் டொக்டர்ட்ட அனுப்பணும். இப்ப நல்ல மருந்து இருக்கு, நேரத்தோட போனா வருஷக்கணக்குல இழுத்துப் பிடிக்கலாம். கொழும்புக்கு அனுப்பியிருக்கிற மத்த டெஸ்ட் வர இன்னும் மூணு கிழமை. பழைய கார்ட் இருந்தா நான் இன்னைக்கே முடிவெடுப்பேன். உண்மையாவே கல்லுக்குத்தான் எடுத்தாங்களா?”

“வல்லாஹி, கல்லுதான்.”

அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்துவிட்டு அந்த மனிதர் தொப்பியை எடுத்து மாட்டினார். “வெட்டிருங்க டொக்டர். ஞாயிறு மகன்ட நிகாஹ். தலைப்பாகையில ரத்தம் பட்டா ஊர் என்ன சொல்லும்?”

டொக்டர் அவரை நேராகப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். “திங்கக்கிழமை நெஞ்சு எக்ஸ்ரே எடுங்க. புதன்கிழமை கண்டியில சர்ஜன்ட்ட போங்க, அன்னைக்கே வெட்டுவாங்க. உங்க வார்த்தையத்தான் எழுதுறேன். அதுக்குள்ள ஏதாவது பழைய கடதாசி கிடைச்சா எந்த நேரம்னாலும் எனக்கு அனுப்புங்க. நம்பர் ஸரீனா அக்காட்ட இருக்கு.”

ஸரீனா வாயைத் திறக்கவில்லை.

ஒரு வார்த்தை போதும். அந்த அட்டை அவளுடைய அலுமாரியில்தான் இருக்கிறது. ஆனால் அவள் உள்ளத்தில் அந்த நேரம் இருந்தது இரக்கம் இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி ஒரு சுகம். வெட்டட்டும். ரத்தம் நிற்காமல் ஓடட்டும். யா அல்லாஹ், நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாயா!

*

எட்டு வருஷத்துக்கு முன் பலீலுக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. மூத்த மகளுக்கு நிகாஹ் குறித்து மூன்று கிழமையே இருந்தது. வாப்பாவுக்குக் கேன்சர் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீடு பின்வாங்கும். மாத்தளையில் ஒரு தும்மல் தும்மினால் உக்குவளையில் யர்ஹமுக்கல்லாஹ் சொல்வார்கள், அவ்வளவு கிட்டத்துச் சொந்தம் எல்லாருக்கும்.

அப்போது பலீலுக்கு வந்த யோசனை இதுதான். தம்பியின் ஐடென்டிடி கார்டை வாங்கிக்கொண்டு, தம்பியின் பெயரில் கண்டி ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்தார். இருவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம், ஒரே மூக்கு, ஒரே தாடி. பெயர் ஹஸீப், விலாசம் ஹஸீபின் வீடு. றம்லாவுக்கும் பிள்ளைகளுக்கும் சொன்னது கல்லு என்று. அட்டையை அவர்கள் கண்ணில் படாமல் ஹஸீபின் வீட்டிலேயே விட்டுவைத்தார்.

வாப்பா இல்லாத வீட்டில் தன்னை வளர்த்த நானா கேட்டதற்கு ஹஸீப் மறுப்புச் சொல்லவில்லை. நானா வார்டில் கிடந்த நாளெல்லாம் வீட்டுக்குள் ஒளிந்திருந்தார். நல்ல தேகத்தோடு இருந்த மனிதர், கேட்டவர்களுக்கு இருமிக் காட்டினார். அதை நினைத்தால் ஸரீனாவுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

பெயர் வார்டிலிருந்து ஊருக்கு வந்து சேர இரண்டு வருஷமும் பிடிக்கவில்லை. ஹஸீபுக்குக் கேன்சராம். மபாஸாவைப் பேசி முடித்த நேரம் அது ஸக்கரியாவின் காதுக்கும் போனது. அவர் முறைப்படி குடும்பத்துப் பெரியவரிடம் விசாரிக்க வந்தார். பலீலின் ஹோலில், பலீலின் கதிரையில் உட்கார்ந்து கேட்டார்.

“மறைச்சா எனக்குத்தான் பாவம். தம்பிக்கு அந்த வருத்தம் வந்தது உண்மைதான்” என்று பலீல் சொன்னார். கண்ணில் தண்ணீர்கூட வந்ததாம்.

மறுநாள் சீர்த்தட்டு திரும்பி வந்தது. அன்றிரவு ஸரீனா தெருவில் இறங்கிக் கத்தப்போனாள். ஹஸீப் கதவுக்குக் குறுக்கே நின்றார்.

“நானாட வாயால வரணும். உன் வாயால வரக்கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணு.”

பண்ணினாள். ஹஸீபின் ஜனாஸா வீட்டிலும் அந்தச் சத்தியத்தை விழுங்கிக்கொண்டிருந்தாள். “லொறி இல்லாட்டியும் அந்த வருத்தம் கொண்டு போயிருக்கும்” என்று ஒருவர் சொன்னபோது, பக்கத்தில் பலீல் தலையாட்டினார்.

*

பதினேழாம் நம்பர் உள்ளே போனதும் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடியில் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது. பலீல் நின்றிருந்தார். றம்லாவை மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கிறார்.

“ஸரீனா, அந்த அட்டை...”

‘கேட்கட்டும்’ என்று அவள் நினைத்தாள். ‘கையேந்திக் கேட்கட்டும். பிறகு சொல்கிறேன் பதில்.’

“அதை நீ எரிச்சிட்டியா?”

ஸரீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன மச்சான் கேக்கிறீங்க?”

“இருந்தா எரிச்சிரு. ஒரே ஒரு கிழமை. ஞாயிறு கழிஞ்சிட்டா அல்லாஹ் விட்ட வழி. போஸ்ட் மாஸ்டர் காதுக்கு மட்டும் போயிரக்கூடாது.”

“டொக்டர் சொன்னது காதுல விழல்லியா? கார்ட் இல்லாம வெட்டினா...”

“விழுந்திச்சு. நான் மௌத்தானாலும் மரியாதையா மௌத்தாகுவேன். பலீல் பொய்க்காரன், தம்பிட பேருல ஒளிஞ்சவன்னு ஊர் சொல்லிச் சாக மாட்டேன்.” குரல் உடைந்தது. “உனக்கு என்ன வேணும்னாலும் கேளு.”

ஸரீனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நெஞ்சில் இருந்த சுகம் அப்படியே இறங்கிப்போனது.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவர் செத்துப்போவார். உண்மைதான். ஆனால் எப்படிச் சாவார்? ஊர் திரண்டு ஜனாஸா தூக்கும். பள்ளிவாசலில் பேர் சொல்லி துஆ கேட்பார்கள். நல்ல மனுஷன், தோல் கேன்சர் கொண்டு போயிட்டு என்பார்கள். ஹஸீபோ கபுருக்குள்ளும் நோயாளியாகவே கிடப்பார். இந்த மனிதர் பயப்படுவது சாவுக்கு இல்லை. பிழைப்பதற்கு.

அப்படியானால் இவரைப் பிழைக்க வைக்க வேண்டும். பழி என்றால் அதுதான் பழி.

“பின்னேரம் வாறேன் மச்சான்” என்றாள் ஸரீனா. “மதினி வரச் சொல்லிட்டாங்க.”

*

லுஹர் தொழுதுவிட்டு அலுமாரியைத் திறந்தாள். ஹஸீபின் சாரங்களுக்கு அடியில் பொலித்தீன் பையில் அந்த அட்டை இருந்தது. அதை உருவும்போது கீழே இருந்த மூன்று காக்கிக் கடித உறைகளும் சேர்ந்து வந்தன. அரசாங்க முத்திரை குத்தியவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஸரீனா அவற்றை அவசரமாகச் சாரத்துக்குள் தள்ளினாள்.

“அது என்ன உம்மா?”

மபாஸா கதவடியில் நின்றாள். கையில் திருத்திக்கொண்டிருந்த பிள்ளைகளின் கொப்பி.

“ஒண்ணுமில்ல. வாப்பாட பழைய கடதாசி.” அட்டையை மட்டும் காட்டினாள். “நான் இன்னைக்கு இதை எடுத்துட்டுப் போறேன்.”

காலையில் நடந்ததை எல்லாம் சொன்னாள். மபாஸா கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். இந்தப் பெண் தினமும் உக்குவளை ஸ்டேஷனில் இறங்கி, ஸக்கரியாவின் கேட்டைக் கடந்துதான் ஸ்கூலுக்கு நடக்கிறாள். ஒருநாளும் ஒரு முறைப்பாடு சொன்னதில்லை.

“கலியாணம் நிண்டு போகுமா?” என்று கேட்டாள்.

“போனாப் போகட்டும். எங்கட நிண்டப்போ யார் அழுதா?”

“றிஷாத் என்ன செஞ்சான் உம்மா? அந்தப் பிள்ளை என்ன செஞ்சா?”

“நீ என்னடி செஞ்சாய்? அதுக்குப் பதில் சொல்லு முதல்ல!”

மபாஸா கொப்பியை மூடினாள். விரலில் இருந்த சிவப்பு மையைத் துடைத்தாள். “எனக்கு அந்த மாப்பிள்ளை வேணாம். அந்த வீடும் வேணாம். ஆனா வாப்பாட பேரு எனக்கு வேணும். பெரியவாப்பா அதை எடுத்துட்டுப் போய் எட்டு வருஷம். திருப்பித் தரச் சொல்லுங்க.” எழுந்து அபாயாவை எடுத்தாள். “நானும் வாறேன்.”

“மதினி உன்னக் கூட்டிட்டு வர வேணாம்னாங்க.”

“அதுக்காகத்தான் வாறேன்.”

*

அஸர் தொழுகை முடிந்த நேரம். பலீலின் ஹோலில் புதுத் திரைச்சீலை, புதுக் கதிரைத் துணி. போஸ்ட் மாஸ்டர் ஸக்கரியா அதே பழைய மூலையில், அதே பழைய கதிரையில் உட்கார்ந்திருந்தார். மேசையில் வட்டிலப்பம் இருந்தது, கடையில் வாங்கியது. நிகாஹ் பத்து மணிக்கா பதினொரு மணிக்கா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

ஸரீனா ஸலாம் சொல்லிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வந்தாள். பின்னால் மபாஸா. றம்லா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். ஸக்கரியா மபாஸாவைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“குசினிக்குப் போ ஸரீனா, நான் வாறேன்” என்றாள் றம்லா.

“போறேன் மதினி. மச்சானுக்கு ஒரு கடதாசி கொண்டு வந்தேன். குடுத்திட்டுப் போறேன்.”

அட்டையைப் பலீலின் மடியில் வைத்தாள். அவர் முகம் வெளிறிப்போனது.

“டொக்டர் காலையில கேட்டாங்கதானே, தொலைஞ்சிட்டுன்னு சொன்னீங்க. தொலையல்ல. எங்கட வீட்டுல பத்திரமா இருந்திச்சு.” குரலை உயர்த்தவேயில்லை. “சத்தமா வாசிங்க மச்சான். எனக்கு இங்கிலீஷ் வராது.”

“இப்ப என்னத்துக்கு...”

“வாசிங்க. நான் வாசிக்க மாட்டேன். நான் மௌத்தான மனுஷனுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். உங்கட வாயால வரணும்.”

ஸக்கரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன ஹாஜியார் இது?”

பலீல் எழப் பார்த்தார், முடியவில்லை. கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்தார். துடைத்த கை தொப்பியில் பட்டது. காதோரம் ஒரு சிவப்புக் கோடு மெதுவாக இறங்கியது. றம்லா “யா அல்லாஹ்” என்று ஓடி வந்தாள். தொப்பியை அவள்தான் எடுத்தாள்.

மூன்று கட்டிகளும் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தன.

“பெரியவாப்பா,” என்றாள் மபாஸா. முதல் தடவையாக வாய் திறந்தாள். “இந்தக் கார்ட் டொக்டர்ட்ட போனா உங்களுக்கு மருந்து கிடைக்கும். போகாட்டி புதன்கிழமை வெட்டுவாங்க. அதுல யார்ட பேரு இருக்கு, வருத்தம் யாருக்கு, அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல்ல.”

பலீல் சட்டையைத் தூக்கினார். ஊருக்கே தீர்ப்புச் சொன்ன மனிதர், சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் தழும்பைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“பேரு ஹஸீப்” என்றார். “வருத்தம் என்ட. அப்பவும் என்ட, இப்பவும் என்ட. தம்பிக்கு ஒண்ணும் இருக்கல்ல. மாஸ்டர், உங்கள்ட்ட அன்னைக்கு நான் சொன்னது பொய்.”

றம்லா அப்படியே தரையில் அமர்ந்துவிட்டாள். “கல்லுன்னீங்களே... என்னட்டயும் கல்லுன்னுதானே சொன்னீங்க...”

ஸரீனா ஆறு வருஷம் காத்திருந்த நிமிஷம் இதுதான். இதை நினைத்து நினைத்துத்தான் எத்தனையோ ராத்திரி தூங்கினாள். அவர் முகத்தைக் கண்ணிமைக்காமல் பார்த்தாள். இனித்தது. சத்தியமாக இனித்தது. அவளுக்கு அதில் வெட்கமே இல்லை. ‘கேட்டீங்களா’ என்று கபுருக்குள் இருக்கும் மனுஷனிடம் சொன்னாள்.

பிறகு போனை எடுத்து, பலீலின் மடியிலிருந்த அட்டையை இரண்டு பக்கமும் படம் பிடித்து, பேர் தம்பியுடையது, நோயாளி பலீல்தான் என்று ஒரு வரியும் சேர்த்து, அவர் கண்ணுக்கு முன்னாலேயே டொக்டர் சந்திரகாந்தாவுக்கு அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. வெட்ட வேணாம், புதன் வரைக்கும் இருக்கவும் வேணாம், திங்கள் காலையிலேயே ஸ்கேனுக்கு வரச் சொல்லுங்க.

“பிழைச்சிட்டீங்க மச்சான்” என்றாள் ஸரீனா. “இனி இருந்து பாருங்க.”

நிகாஹ் உண்டா இல்லையா என்று போஸ்ட் மாஸ்டர் ஸக்கரியாவின் முகத்தில் எழுதியிருக்கவில்லை. அவர் குனிந்து அட்டையை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தார். முப்பது வருஷம் பிறர் கடிதங்களைக் கையில் வைத்திருந்த மனிதர். விலாசத்தில் கண் நின்றது. பிறகு கடைசி வரியில்.

“இதுல ஒண்ணு எழுதியிருக்கே. ஒவ்வொரு வருஷமும் ஸ்கேன் பண்ணணும்னு. வராட்டி இந்த விலாசத்துக்குக் கடிதம் அனுப்புவோம்னு.” நிமிர்ந்தார். “நீங்க போனீங்களா ஹாஜியார்?”

“ரெண்டு தடவை போனேன். தம்பி கடிதத்தைக் கொண்டாந்து தருவான், போவேன். பொறகு கடிதம் வரல்ல. இனிச் சுகம், அதான் கூப்பிடல்லன்னு நான் விட்டுட்டேன்.”

“வராம எப்படி? ஆஸ்பத்திரிக் கடிதம். ஆள் இல்லாட்டி திரும்பிப் போயிருக்கும். திரும்பிப் போனா விசாரிச்சிருப்பாங்க.” ஸக்கரியா அட்டையின் விலாசத்தை விரலால் தட்டினார். “யாரோ வாங்கியிருக்காங்க.”

றம்லா தரையிலிருந்தபடியே மெல்லத் தலையைத் திருப்பினாள். அழுது சிவந்த கண்ணில் இப்போது வேறு ஏதோ இருந்தது.

“அது உன்ட வீட்டு விலாசம்தானே ஸரீனா? அந்தக் கடிதமெல்லாம் எங்க?”

சாரத்துக்குள் தள்ளிவிட்டு வந்த மூன்று காக்கி உறைகளும் ஸரீனாவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. திரும்பிப் பார்த்தபோது மபாஸா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.